கிரிப்டோபார்ட்டி: விருந்தும் அன்று, நாணயமும் அன்று

‘மறைநாணய விருந்துக்கு அனைவரும் வருக’ என்ற துண்டறிக்கை புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை அண்மையில் பார்த்தேன். இதே தொடரை அதற்கு முன் கடலூரில் ஓர் அழைப்பிதழிலும், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த ஒரு செய்தியிலும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவன் நான். மூன்றாம் முறை பொறுக்க முடியவில்லை. கைப்பேசியையும் கணினியையும் பிறர் வேவு பார்க்காமல் காத்துக்கொள்ளும் வழிகளை அக்கம்பக்கத்தார்க்குச் சொல்லித் தரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத்தான், ‘கிரிப்டோபார்ட்டி’ என்ற ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பாக அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் அமர்ந்திருந்த பெரியவர், தாம் ‘நாணயத்தில்’ போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கேட்க வந்திருந்தார். பின்வரிசை இளைஞர் இருவர் அரை மணி நேரம் பொறுத்திருந்துவிட்டு, சாப்பாட்டுக்கான அறிகுறி ஒன்றும் தென்படாததால் எழுந்து போனார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை. அறிவிப்பைத் தமிழில் படித்து, படித்ததை நம்பி வந்தவர்கள் அவர்கள்.

சொற்பிறப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘கிரிப்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மறைந்தது என்பது பொருள். எழுத்தைக் குறிக்கும் சொல்லோடு அது சேர்ந்து ‘கிரிப்டோகிராபி’, அதாவது மறைத்தெழுதும் கலை, ஆயிற்று. பேச்சு வழக்கில் பின்பாதி உதிர்ந்து முன்பாதி மட்டும் நின்றது. ‘பார்ட்டி’ பங்கு, பக்கம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டும் இணைந்த பெயர் 2012 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் தோன்றியது. மக்களின் தகவல்தொடர்புகளைச் சேமித்து வைக்குமாறு நிறுவனங்களுக்கு ஆணையிட வழிசெய்த சட்டத் திருத்தம் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, ஆஷர் உல்ஃப் என்பவர் ட்விட்டரில் தொடங்கிய உரையாடலிலிருந்து பிறந்தது அது. சில வாரங்களில் பல நாடுகளிலும் இத்தகைய கூட்டங்கள் நடந்தன; அவ்வாண்டு அக்டோபரில் பெர்லினில் சிலர் கூடி மூன்றே நாளில் ஒரு கையேட்டை எழுதி முடித்தார்கள்; டிசம்பரில் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் ஹோனலூலுவில் ஒரு கூட்டத்தை நடத்தியவர், பின்னாளில் அமெரிக்க அரசின் வேவு இரகசியங்களை வெளியிட்ட, அப்போது உலகம் அறிந்திராத எட்வர்ட் ஸ்னோடன்.

‘பார்ட்டி’ என்ற பாதி அந்தப் பெயருக்குள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சலைப் பூட்டி அனுப்ப உதவும் பிஜிபி என்ற மென்பொருளைப் பிலிப் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்டார். அதைப் பயன்படுத்துவோர் நேரில் கூடி, இன்னாருடைய சாவி, அதாவது பூட்டப் பயன்படும் எண்தொடர், இதுதான் என்று ஒருவர்க்கொருவர் சான்றொப்பமிட்டுக்கொள்வார்கள். அந்தக் கூடுகையையும் பார்ட்டி என்றே அழைத்தார்கள். ஆகவே கணினிக்காரர் வாயில் அச்சொல் கைவேலையோடு கூடுதலைத்தான் குறித்தது. சாப்பாடு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இனி ‘மறைநாணய’த்துக்கு, அதாவது கிரிப்டோகரன்சி என்னும் மின்பணத்துக்கு, வருவோம். அவற்றுள் முதலாவதான பிட்காயின் புழக்கத்துக்கு வந்தது 2009-இல். மறைத்தெழுதும் கலையின் நுட்பங்களைக் கொண்டு உருவானதால் அந்தக் கலையின் பெயர் நாணயத்துக்கு அடைமொழியாக ஏறியது. நம் வழக்கில் பாட்டன் பெயரைத் தாங்குபவன்தான் பெயரன். அதனால்தான் அவன் பேரன். இங்கேயோ பேரன் பெயரைப் பாட்டனுக்குச் சூட்டியிருக்கிறார்கள். சந்தைச் செய்திகளில் கிரிப்டோ என்றாலே நாணயம் என்று எழுதி எழுதிப் பழகிய கை, தலைப்பைப் பார்த்ததும் தானாக எழுதியிருக்கிறது. அறிக்கையின் உள்ளே ஓரிடத்தில்கூட நாணயம் என்ற பேச்சு இல்லை என்பதை மொழிபெயர்த்தவர் கவனித்திருந்தால் போதும். தலைப்பை ஒருவரும் உடலை வேறொருவரும் மொழிபெயர்க்கும் காலம் இது, அல்லது எவருமே மொழிபெயர்க்காத காலம்.

‘விருந்து’ என்பதற்கு வக்காலத்து வாங்கிய ஒருவர், அச்சொல்லின் முதற்பொருள் புதுமை என்றும், புதியவர்கள் வந்து கூடுமிடம் ஆதலால் அது பொருந்தும் என்றும் என்னிடம் வாதிட்டார். தொல்காப்பியம் ‘விருந்து’ என்பதைப் புதுவது என்றே விளக்குகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் துண்டறிக்கை படிப்பவர் தொல்காப்பிய உரையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதில்லை. இன்றைய தமிழில் விருந்து என்றால் இலையும் சோறும்தான். படைப்பவர் ஒருவர், உண்பவர் மற்றொருவர். கிரிப்டோபார்ட்டியில் இந்தப் பிரிவே கிடையாது. இன்று கடவுச்சொல் காப்பகத்தை நிறுவக் கற்றுக்கொண்டவர் அடுத்த கூட்டத்தில் அதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லித் தருவார்.

சரி, பார்ட்டி என்றே தமிழெழுத்தில் எழுதிவிடலாமே என்பார்கள். வேறு ஊராக இருந்தால் யோசிக்கலாம். வெள்ளிக்கிழமை மாலையானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக் கார்கள் வரிசைகட்டும் புதுச்சேரியில் பார்ட்டி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. வணிகர் பேச்சில் ‘பார்ட்டி வந்திருக்கு’ என்றால் வாங்குபவர் வந்திருக்கிறார். அரசியல் பேச்சில் அது கட்சி. புட்டி, வாடிக்கையாளர், கட்சிக்காரர் என மூவரும் வந்து நிற்கும் ஒரு சொல்லால் மூத்த குடிமக்களையும் கல்லூரிப் பெண்களையும் எப்படி அழைப்பது?

முன்பாதிக்கு வேறு சில பரிந்துரைகளும் உலவுகின்றன. அவற்றுள் பரவலானது ‘குறியாக்கம்’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருங்குறி, தகுதரம், பாமினி என்று எழுத்துருக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குறியாக்கம் என்ற சொல்லைத்தான் தமிழ்க் கணிமையில் ஆண்டு வந்திருக்கிறோம். எழுத்துக்கு எண் ஒன்றைக் கொடுத்து எல்லாரும் படிக்கும்படி செய்வது அந்தக் குறியாக்கம். நாம் தேடுவதோ, உரியவரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்வதற்கான சொல். நேரெதிரான இரண்டு வேலைகளுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிட்டு மாணவர்களுக்குக் கணினி வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை.

கடலூரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் நண்பர் ‘குழூஉக்குறி’ என்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் பள்ளி இலக்கணத்தில் நாம் படித்தவை. தமிழில் இரண்டாயிரம் ஆண்டு வேர் தேடுவோர்க்கு இது இனிக்கும். எனக்கும் ஒரு கணம் இனித்தது. ஆனால் இங்கேதான் பொருள் அடியோடு மாறுகிறது. ‘பறி’ என்றால் பொன் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்த அன்றே அந்தக் குறி செத்துவிடும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதும் இப்படித்தான். துண்டை விலக்கினால் முடிந்தது. மறைத்தெழுதும் நவீன கலையோ அப்படிப்பட்டதன்று. நெதர்லாந்தில் பிறந்து பாரிசில் மொழியாசிரியராக இருந்த ஆகஸ்ட் கெர்க்கோஃப்ஸ், 1883-இல் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படையை வகுத்தார்: பூட்டும் முறை எதிரிக்கு முழுவதும் தெரிந்திருந்தாலும், சாவி மட்டும் உரியவரிடம் இருந்தால் பூட்டு நிற்க வேண்டும். செய்தி அனுப்ப உதவும் சிக்னல் செயலியின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தாலும் உங்கள் உரையாடலைப் படிக்க முடியாது. குழூஉக்குறி குழுவுக்குள் ஒளிகிறது. இதுவோ ஊரறிய நின்று காக்கிறது. என் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் குழூஉக்குறி வேண்டாம், கமுக்கம் என்று வையும்’ என்றார். கமுக்கம் நல்ல சொல்தான். ஆனால் ‘அவர் கமுக்கமான ஆள்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் பாராட்டாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்போருக்கு அந்தச் சொல்லே கையில் கோல் எடுத்துக் கொடுக்கும்.

எதைக் காக்கிறோம் என்பதற்கு வழங்கும் சொல்லும் இதே அளவு கோளாறானது. ‘பிரைவசி’ என்பதைத் ‘தனியுரிமை’ என்று எல்லாச் செயலிகளும் எழுதுகின்றன. தனியுரிமை என்றால் நேர்பொருளில் ஒருவருக்கு மட்டுமே ஆன உரிமை, ஏகபோகம். அதனால்தான் மூலநிரலைத் தராமல் பூட்டி வைத்திருக்கும் மென்பொருளைத் ‘தனியுரிம மென்பொருள்’ என்கிறோம். அன்றைய கூட்டத்தில் பேச வந்த இளைஞர், ‘தனியுரிம மென்பொருள் உங்கள் தனியுரிமையைக் கெடுக்கும்’ என்றார். அவையில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாற்றாகச் சொல்லப்படும் ‘அந்தரங்கம்’ சமஸ்கிருதச் சொல் என்பதற்காக நான் அதை விலக்கவில்லை. வார இதழ்கள் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்விட்டதால் விலக்குகிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அடிப்படை உரிமை என்று அறிவித்த ஒன்றுக்கு, ஏகபோகமும் படுக்கையறையும் நினைவுக்கு வராத ஒரு தமிழ்ச் சொல் இன்னும் நிலைபெறவில்லை. ‘தன்மறைவு’ என்று சிலகாலமாக எழுதிப் பார்க்கிறேன். தன்னைப் பற்றியவற்றைத் தானே மறைத்துக்கொள்ளவும் காட்டவும் உள்ள உரிமை என்ற பொருளில் அது தெளிவாக நிற்கிறது.

இது அகராதிக்காரரின் பொழுதுபோக்கு என்று நினைப்போருக்கு ஒன்று நினைவூட்டலாம். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது புதுச்சேரி வாக்காளர்களின் கைப்பேசி எண்கள் ஒரு கட்சியின் பரப்புரைக்குப் பயன்பட்டது எப்படி என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. ஆதாருடன் இணைத்த எண்களுக்கு மட்டுமே செய்தி வந்தது என்பது மனுதாரரின் புகார். அந்த வழக்கைக் கடைத்தெருவில் பேச முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல, சரியான சொல் இல்லாமல் ‘டேட்டா லீக்’ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

‘விழிப்புணர்வு முகாம்’ என்ற இன்னொரு வழியும் உண்டு. கண் சிகிச்சைக்கு முகாம், இரத்ததானத்துக்கு முகாம், இதற்கும் முகாம். மேடையில் இருப்பவர் எச்சரிப்பார், கீழே இருப்பவர்கள் அஞ்சுவார்கள், முடிவில் குழுப் படம் எடுப்பார்கள். வந்தவர் தம் கைப்பேசியைத் திறந்து ஓர் அமைப்பைக்கூட மாற்றாமல் வீடு திரும்புவார். கிரிப்டோபார்ட்டி இதற்கு மாற்றாகத் தோன்றிய ஒன்று. அதற்கே இந்தப் பெயரைப் போர்த்துவது கொடுமை.

ஆகவே என் பரிந்துரை: முன்பாதிக்கு ‘மறையாக்கம்’. மறை என்பது வேதத்தையும் குறிக்கும் என்பதால் தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கம் தனி மறைக்குப் பொருந்தும், ஆக்கம் சேர்ந்தபின் பொருந்தாது. கேட்ட மறையைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லும் கயவரை அறைபறை என்கிறது குறள் (1076). பிறர் கையில் போகக் கூடாத செய்தி என்ற பொருளுக்கு அதைவிடப் பழைய, தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை. மறையாக்கு, மறைநீக்கு என்று வினைகளும் இயல்பாகக் கிடைக்கின்றன. குழூஉக்குறியிலிருந்து ஒரு வினையை உருவாக்கிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பின்பாதிக்குத் ‘திண்ணை’. புதுச்சேரியின் வைசியாள் வீதியில் இன்னும் எஞ்சியிருக்கும் தமிழர் வீடுகளைப் பார்த்தவர்க்கு நான் சொல்வது விளங்கும். தெருவோரத் தாழ்வாரத்தையும் திண்ணையையும் வழிப்போக்கர்க்கு விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் கனத்த கதவைப் போட்டு வீட்டைக் காத்தார்கள். யாரும் வந்து உட்காரலாம், கேட்கலாம், எழுந்து போகலாம். உள்ளே போக மட்டும் சாவி வேண்டும். கெர்க்கோஃப்ஸ் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. திண்ணைப் பள்ளி என்ற பெயரில் கல்வியும் அங்கே நடந்திருக்கிறது. திண்ணைப் பேச்சு என்றால் வெட்டிப் பேச்சு அல்லவா என்று நண்பர் மடக்கினார். வெட்டிப் பேச்சும் நடக்கட்டும். பேச்சுவாக்கில்தான் ஒருவர், தம் பேத்தியின் பிறந்தநாளையே எல்லாக் கணக்குக்கும் கடவுச்சொல்லாக வைத்திருப்பதை ஒப்புக்கொள்வார். அடுக்குமாடியில் திண்ணை ஏது என்பது நண்பருடைய அடுத்த கேள்வி. அடுக்குமாடியில் முற்றமும் இல்லை. ஆனாலும் இலக்கிய முற்றம் என்று பெயர் வைக்கிறோம்.

எழுதும்போது ‘மறையாக்கத் திண்ணை’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டும். ‘மறையாக்க திண்ணை’ என்று அடுத்த துண்டறிக்கையில் அச்சிட்டுவிட்டு, சொல்லைக் கொடுத்தவர் இவர்தான் என்று என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.