கை நிற்கும் இடத்தில்தான் நேரம் போகிறது

"சார், எழுபத்தெட்டையும் எழுதிக் கொடுங்கள், மனப்பாடம் செய்துவிடுகிறேன்" என்று கேட்டாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ரூபிக்ஸ் க்யூபை ஐம்பது நொடியில் முடிப்பவள். மூன்று மாதமாக அந்த ஐம்பதைத் தாண்டி இறங்க முடியவில்லை. அவள் கேட்டது கடைசி அடுக்குக்கான அல்காரிதங்களை, அதாவது மனப்பாடமாகச் செய்யும் திருப்பங்களின் வரிசைகளை. மேல் முகத்தை ஒரே நிறமாக்க 57, பிறகு துண்டுகளைச் சரியான இடத்துக்கு மாற்ற 21.

நான் கொடுக்கவில்லை. கைபேசியில் அவள் கைகளை மட்டும் படம் பிடித்து, இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பதினோரு முறை கை நின்றிருந்தது. அடுத்த துண்டு எங்கே என்று தெரியாமல் க்யூபைப் புரட்டிப் புரட்டித் தேடிய நேரத்தைக் கூட்டினால் 24 நொடி. ஏறக்குறைய பாதி!

பிள்ளைகளுக்குக் க்யூப் கற்றுக்கொடுக்கும் இத்தனை ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். இன்று பெரும்பாலானோர் பின்பற்றும் முறையில் சுமார் 60 திருப்பங்களில் க்யூப் முடிந்துவிடும். 1982இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் கலந்துகொண்ட ஜெசிகா ஃப்ரிட்ரிக், 1997இல் இணையத்தில் விரிவாக எழுதிப் பரப்பிய முறை அது. நொடிக்கு இரண்டு திருப்பம் என்றாலும், இடையில் நிற்காவிட்டால் 30 நொடிதான். நொடிக்கு இரண்டு திருப்பம் யாருக்கும் வரும். நிற்காமல் இருப்பதுதான் வராது.

ஆரம்ப முறையில் மூலைத் துண்டை முதலில் வைத்து, ஓரத் துண்டைப் பிறகு தனியாக வைப்போம். வேக முறையில் இரண்டையும் மேல் அடுக்கிலேயே ஜோடி சேர்த்து ஒன்றாக உள்ளே செருகுகிறோம். இப்படி நான்கு ஜோடி. நேரம் கரைவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு ஜோடி உள்ளே போகும்போது கண் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எங்கே போய்ச் சேரும் என்று விரலுக்கு ஏற்கனவே தெரியும். கண் அந்நேரம் அடுத்த ஜோடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு நான் தரும் பயிற்சி பிள்ளைகளுக்குப் பிடிப்பதே இல்லை. நொடிக்கு ஒரு திருப்பம், அதற்கு மேல் கூடாது. ஆனால் நடுவில் ஓரிடத்திலும் நிற்கவும் கூடாது.

"இன்னும் மெதுவாகிறதே சார்" என்றாள். அவளுடைய அப்பா ஸ்டாப்வாட்சுடன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு அதை எடுக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது இது ஒன்றுதான். கடிகாரம் எதிரே இருந்தால் பிள்ளை விரலைத்தான் விரட்டும்.

போட்டியில் க்யூபைக் கையில் எடுத்துப் பார்க்க 15 நொடி தருகிறார்கள். பலர் அதைச் சும்மா சுற்றிப் பார்த்தே கழித்துவிடுகிறார்கள். முதல் படி சிலுவை, அதாவது ஒரு முகத்தின் நடுத்துண்டைச் சுற்றி நான்கு ஓரத் துண்டுகளை வைப்பது. எவ்வளவு கலைத்திருந்தாலும் அது எட்டுத் திருப்பங்களுக்குள் முடியும். அதை அடிப்பக்கத்தில் வைத்தே கட்டப் பழகினால், பிறகு க்யூபைத் தலைகீழாகக் கவிழ்க்கும் வேலையும் மிச்சம். பார்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிலுவையைக் கட்டச் சொல்வேன். முதல் வாரம் தடுமாறுவார்கள், பிறகு வந்துவிடும்.

விரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். க்யூபை முழுக் கையால் பிடித்துத் திருகுவது வீண் உழைப்பு. வலது மணிக்கட்டால் வலது பக்கத்தை மேலே திருப்பி, வலது ஆள்காட்டி விரலால் மேல் அடுக்கை ஒரு சுண்டு. மணிக்கட்டைக் கீழே இறக்கி, இடது ஆள்காட்டி விரலால் அதே அடுக்கைத் திரும்பச் சுண்டு. இந்த நான்கையும், முடித்து வைத்த க்யூபில் ஆறு முறை செய்தால் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். பஸ்ஸில் போகும்போதுகூடப் பழகலாம். மணிக்கட்டோ கட்டைவிரலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மறுநாளும் வலித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இறுகிப்போன பழைய க்யூபோடு பிள்ளைகள் மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஒரு பையன் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்திருந்தான். தூசி சேர்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. காந்தம் பதித்த நல்ல க்யூப் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

கடைசி அடுக்குக்கு இப்போதைக்குப் பதினாறு அல்காரிதம் போதும். நிறத்துக்குப் பத்து, இடமாற்றத்துக்கு ஆறு. இரண்டிரண்டு படியாகச் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முப்பது நொடிக்கு மேல் எடுக்கிறவர்களுக்கு 78ஐயும் திணிப்பது என் பார்வையில் அநியாயம்.

ஆறாவது வாரம் மறுபடியும் படம் பிடித்தோம். கை நின்றது மூன்றே முறை. நேரம் 34 நொடி. இப்போது வாரத்துக்கு ஒரு புது அல்காரிதம் எழுதிக் கொடுக்கிறேன். இந்த வாரம் 'ஜே' என்ற இடமாற்ற அல்காரிதம். அதன் நடுவே, விரலால் சுண்டிப் பழகிய அதே நான்கு திருப்பங்கள் அப்படியே வருகின்றன. நான் சொல்வதற்கு முன்பே அவள் அந்த இடத்தில் விரல் வைத்துவிட்டாள்.