ட்ரஃபிள்: புதைகாளானும் சாக்லேட் உருண்டையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் வட்டாரத்தில் கேக் வாங்கிப் பழகியவர்களுக்கு ட்ரஃபிள் என்றால் சாக்லேட். அதே ஆள் புதிதாகத் திறந்த காபிக் கடைக்குப் போய் ‘ட்ரஃபிள் ஃப்ரைஸ்’ கேட்டால், தட்டில் சாக்லேட் இருக்காது. பூண்டும் ஈர மண்ணும் கலந்தது போன்ற ஒரு வாடையோடு உருளைக்கிழங்கு வறுவல் வரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இரண்டில் மூத்தது அந்த வாடைக்குச் சொந்தமான காளான். சாக்லேட் பின்னால் வந்து அதன் பெயரை எடுத்துக்கொண்டது.

சொல்லின் வேர் லத்தீனில் உள்ள ‘டூபெர்’. புடைப்பு, வீக்கம், கட்டி என்று பொருள். பிற்கால லத்தீனில் அது ‘டூஃபெரா’ என்று திரிந்து, தென் பிரான்சின் ஆக்சிதான் மொழியில் ‘த்ரூஃபா’ ஆகி, பிரெஞ்சில் ‘த்ரூஃப்’ ஆகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. இத்தாலியர் இதைத் ‘தார்த்தூஃபோ’ என்கிறார்கள். உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தபோது, மண்ணுக்குள் உருண்டையாகக் கிடப்பதைப் பார்த்து அதற்கும் இந்தப் பெயரையே வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் உருளைக்கிழங்கைக் குறிக்கும் ‘கார்ட்டோஃபெல்’ அப்படிப் பிறந்ததுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் ட்ரஃபிள் ஃப்ரைஸ் தட்டில் ஒரே பெயர் இரண்டு முறை கிடக்கிறது.

பழங்காலத்தவருக்கு இது செடியா, மண்ணா என்பதே விளங்கவில்லை. வேர் இல்லை, இலை இல்லை, விதையும் கண்ணுக்குத் தெரியவில்லை. மண்ணே திரண்டு உருண்டையாகிறது என்று நினைத்தவர்களில் ரோமானிய அறிஞர் ப்ளினியும் ஒருவர். ஸ்பெயினில் அதிகாரியாக இருந்த லார்சியஸ் லிசினியஸ் ஒரு ட்ரஃபிளைக் கடித்தபோது, உள்ளே இருந்த வெள்ளிக் காசு பட்டு முன்பற்கள் வளைந்துபோயின என்று ப்ளினி எழுதி, அதையே தன் கருத்துக்குச் சான்றாக வைத்தார். காசைச் சுற்றி மண் திரண்டதாம்! இடி இடித்தால் இவை உண்டாகும் என்ற நம்பிக்கையும் கிரேக்கரிடமும் ரோமானியரிடமும் இருந்தது. இடி இடித்தால் காளான் பூக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அதேதான்.

உண்மையில் அது ஒரு பூஞ்சையின் கனி. ஓக், ஹேசல் போன்ற மரங்களின் மெல்லிய வேர்களைப் பூஞ்சை இழைகள் உறை போலச் சுற்றிக்கொள்கின்றன. பூஞ்சை மண்ணிலிருந்து நீரும் தாதுக்களும் எடுத்துக் கொடுக்கும். மரம் சர்க்கரை கொடுக்கும். சாதாரணக் காளான் குடையைத் தரைக்கு மேலே விரித்து வித்துத்தூளைக் காற்றில் விடுகிறது. ட்ரஃபிள் வெளியே வருவதே இல்லை, அதனால் காற்றை நம்ப முடியாது. விலங்கு தோண்டித் தின்று, சாணத்தோடு வித்துகளை வேறிடத்தில் போட்டால்தான் அதன் வம்சம் தழைக்கும். அந்த மணம் இருப்பது அதற்காகவே. பழுத்த பிறகுதான் மணம் வரும், மணம் வந்த பிறகுதான் அதைத் தேடப் பழக்கிய நாயால் கண்டுபிடிக்க முடியும். முன்பு பன்றிகளை வைத்துத் தேடினார்கள். பன்றி கண்டுபிடித்ததைத் தானே தின்றுவிடும், தோண்டுகிற வேகத்தில் இழைகளையும் நாசமாக்கும். இத்தாலி 1985இல் பன்றிகளுக்குத் தடை போட்டது.

பெயர் பெற்றவை இரண்டு: பிரான்சின் பெரிகோர் பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படும் கறுப்பு வகை, இத்தாலியின் ஆல்பா ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் வெள்ளை வகை. கறுப்பு குளிர்காலத்துக்கு உரியது. வெள்ளை இலையுதிர் காலத்தில் பழுக்கும்.

கீழ்ப் பேராக்கில் இதை வளர்க்க முடியுமா என்றால், முடியாது. அதற்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மண் வேண்டும். இங்கே தோட்டங்களின் பெரும்பகுதி அமிலம் மிகுந்த சதுப்பு மண்ணிலும் கடலோரக் களிமண்ணிலும் இருக்கிறது. குளிர்காலமும் இல்லை. செம்பனை வேரிலும் பூஞ்சை குடியிருக்கிறது, ஆனால் அது வேரின் உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து வாழும் வேறு இனம். வேரை வெளியே உறைபோல் சுற்றும் ட்ரஃபிளுக்குச் செம்பனை இடம் கொடுக்காது.

தோட்டத்து மக்களுக்குக் காளான் புதிதல்ல. கறையான் புற்றருகே மழைக்குப் பின் கிளம்பும் புற்றுக்காளானையும், ஆலையில் பழம் எடுத்தபின் கொட்டிய வெறுங்குலைகளில் முளைக்கும் செம்பனைக் காளானையும் பறித்துக் குழம்பு வைத்தவர்கள் ஏராளம். மண்ணுக்குள் கட்டியாகக் கிடப்பதும் ஒன்று உண்டு. மலேசியப் பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்கள் மருந்தாகப் பயன்படுத்தும் புலிப்பால் காளான் அது. அதை மலேசிய ட்ரஃபிள் என்று யாராவது விற்க வந்தால் ஏற்க வேண்டாம். அந்தக் கட்டி பூஞ்சை இழைகள் இறுகிச் சேர்ந்த சேமிப்பு மட்டுமே, வித்து அதில் இல்லை. வித்துக்காகத் தனியே காம்பும் குடையும் தரைக்கு மேலே வரும். ட்ரஃபிளிலோ உருண்டைக்குள்ளேயே வித்துகள் நிறைந்திருக்கும். வெட்டினால் பளிங்குக் கல்லில் ஓடுவது போன்ற வெள்ளை வரிகள் தெரியும்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைக்கலாம்? காளானுக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: ஆம்பி. வறுமையால் சமையல் மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததாகப் புறநானூறு சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில் கறையான் அரித்த சுவரின் புழுதியில் ‘பூழி பூத்த புழற்காளாம்பி’ வருகிறது. கறையானும் காளானும் சேர்ந்து வருவதைத் தோட்டத்துக்காரர் உடனே புரிந்துகொள்வார். லத்தீன் வேரைப் பின்பற்றிக் ‘கிழங்குக்காளான்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் கிழங்கு என்றதும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நினைவுக்கு வந்து, இது செடியின் வேர் என்ற பழைய குழப்பம் திரும்பிவிடும். ‘புதைகாளான்’ என்பதே எங்கள் தேர்வு. புதைமணல், புதைகுழி, புதைபொருள் என்று வழங்கும் அதே அமைப்பு. கேட்டவுடன் விளங்கும்.

சாக்லேட்டுக்கு இந்தப் பெயர் பொருந்தாது. உருண்டையாகப் பிடித்துக் கொக்கோ தூளில் புரட்டியது, மண் ஒட்டிய கறுப்புக் காளானைப் போலக் கோணல்மாணலாக இருந்தது. ட்ரஃபிள் என்று பெயர் வர அந்தத் தோற்றம் போதுமாக இருந்தது. 1895இல் பிரான்சின் சாம்பெரி ஊரில் தோன்றியதாகப் பரவலாகச் சொல்வார்கள். காளானையே பார்த்திராத ஊரில் அந்த உவமை எடுபடாது. எள்ளுருண்டையும் நெய் உருண்டையும் தீபாவளிக்குப் பிடிக்கிற நமக்கு ‘சாக்லேட் உருண்டை’ போதும்.

ஆனால் பிடிக்கும் முறை நேர்மாறு. நெய் உருண்டையைச் சூட்டோடு பிடிக்க வேண்டும், ஆறினால் உதிரும். சாக்லேட் உருண்டையைக் குளிரில் பிடிக்க வேண்டும், கை சூடானால் உருகும். உள்ளே இருக்கும் சாக்லேட், கிரீம் கலவைக்குக் கனாஷ் என்று பெயர் (பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மடையன் என்றும் பொருள் உண்டு). நம் ஊர் வெப்பத்துக்கு 55 முதல் 60 விழுக்காடு கொக்கோ உள்ள கறுப்பு சாக்லேட் 200 கிராம், 35 விழுக்காடு கொழுப்புள்ள பால் கிரீம் 90 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 15 கிராம் எடுத்தால் சரியாக வரும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் சாக்லேட்டின் எடையில் பாதி அளவு கிரீம் இருக்கும். இங்கே அந்த அளவு சீக்கிரம் தளர்ந்துவிடும். பால் சாக்லேட்டில் கொக்கோ குறைவு என்பதால் 200 கிராமுக்கு 75 கிராம் கிரீம் போதும். வெள்ளைச் சாக்லேட்டுக்கு 60.

சாக்லேட்டைப் பொடியாகச் சீவி உலர்ந்த பாத்திரத்தில் போடுங்கள். கிரீமைக் கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழ் வரும்போதே இறக்கி மேலே ஊற்றி 2 நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவில் சின்ன வட்டமாகக் கலக்கத் தொடங்கி வெளியே விரித்துக்கொண்டு வாருங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு வெண்ணெய். பிளாஸ்டிக் தாளைக் கலவையின் மேல் ஒட்டி மூடி, ஐஸ்பெட்டியில் 2 மணி நேரம். ஒரு கரண்டிக்கு 12 கிராம் எடுத்தால் சுமார் 25 உருண்டை கிடைக்கும். ஏர்கோன் அறையில், கையுறை போட்டு, ஐந்தாறு உருட்டியதும் தட்டை மறுபடி ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுங்கள். கடைசியில் இனிப்பில்லாத கொக்கோ தூளில் புரட்டுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் சில. கலவை திரிந்து எண்ணெய் மேலே மிதந்தால் சூடு அதிகம், அல்லது கொழுப்புக்கு ஏற்ற நீர் இல்லை. வெதுவெதுப்பான பாலை ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்கினால் பெரும்பாலும் கூடிவரும். சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஒரு சொட்டு நீர் விழுந்தால் அது கட்டிதட்டி மணல் போலாகும். சர்க்கரையும் கொக்கோவும் நீரைப் பிடித்து ஒட்டிக்கொள்வதே காரணம். புரட்டிய தூள் ஈரமாகிக் கறுத்தால், குளிர்ந்த டப்பாவை உடனே திறந்ததால் காற்றின் ஈரம் உருண்டையில் படிந்திருக்கிறது. மூடியபடியே வெளியில் வைத்து, குளிர் தணிந்த பிறகு திறக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது நல்லது.

எதை வாங்குகிறோம் என்பதும் முக்கியம். கேக் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘காம்பவுண்ட்’ சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் செம்பனைப் பருப்பெண்ணெய் இருக்கும். மேல்பூச்சுக்கு அது நல்லது, வெப்பத்தைத் தாங்கும். கனாஷில் போட்டால் நாக்கில் மெழுகு போல ஒட்டும். தாவர எண்ணெயால் செய்த, இனிப்பு சேர்த்த ‘டாப்பிங்’ கிரீமும் இதற்கு ஆகாது. பாகான் டத்தோ தேங்காயில் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பால் ஆகும். கொழுப்பு கிரீமைவிடக் குறைவு என்பதால் 200 கிராம் சாக்லேட்டுக்கு 80 கிராம் போதும், கொதிக்க விட்டால் திரியும், உருண்டையும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காது. ஒரு காலத்தில் இதே வட்டாரத்தில் தென்னைக்கு அடியில் கொக்கோ நட்டிருந்தார்கள். 1990இல் நாட்டின் உற்பத்தி 2,40,000 டன்னைத் தாண்டியது. பிறகு காய்துளைப்பான் பூச்சியும் விலைச் சரிவும் சேர்ந்து கொக்கோவை ஓரங்கட்டின. அந்த இடத்தைச் செம்பனை பிடித்தது.

இரண்டு எச்சரிக்கை. ‘ட்ரைஃபிள்’ வேறு. அது கேக், கஸ்டர்ட், பழம், ஜெல்லி அடுக்கிய இனிப்பு. ‘ட்ரஃபிள் எண்ணெய்’ என்று விற்பதில் பெரும்பாலும் காளான் கிடையாது, வெள்ளை வகையின் மணத்துக்குக் காரணமான ஒரு கந்தகச் சேர்மத்தைச் செயற்கையாகச் செய்து சமையல் எண்ணெயில் கலக்கிறார்கள். தமிழில் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் அதைப் ‘புதைகாளான் மணமூட்டிய எண்ணெய்’ என்று எழுதலாம். ‘புதைகாளான் எண்ணெய்’ என்று எழுதினால் பொய்யாகிவிடும்.