வெப்குவெஸ்ட்: வலைத்தேடலா, வலை உசாவலா?

தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாறு தாண்டியதும் 'விசாரி' என்ற சொல் வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடும். பாலக்காட்டு மலையாளி 'ஞான் விசாரிச்சு' என்றால் 'நான் நினைத்தேன்' என்று பொருள். கோயம்புத்தூர்க்காரரோ 'யார்கிட்டங்க விசாரிச்சீங்க?' என்று கேட்பார். கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழருக்கு இரண்டு பொருளும் பழக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு சொல் இருந்தால், பொறியியல் வகுப்புகளில் புழங்கும் 'வெப்குவெஸ்ட்' என்பதற்குத் தமிழ் சொல்லிவிடலாம்.

1995இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச் என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய கற்பித்தல் முறை இது. கூகுள் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. அறிமுகம், பணி, செயல்முறை, தரவுகள், மதிப்பீடு, முடிவு என்று அதற்கு உறுப்புகள் உண்டு. மாணவர் குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு பொறுப்பெடுத்து, இணையத்தில் உள்ளதைப் படித்து, அதை வைத்துப் புதிதாக ஒன்றை ஆக்கிக் காட்ட வேண்டும். சிறியது இரண்டு மூன்று வகுப்புகளில் முடியும். பெரியது மாதம் வரை போகும்.

'குவெஸ்ட்' என்பதன் வேர் 'குவைரெரே' என்ற லத்தீன் வினை. தேடு, கேள் என இரண்டும் அதன் பொருள். 'குவெஸ்டின்', 'என்கொயரி' எல்லாம் அதே வேரில் முளைத்தவைதான். தமிழில் பெயர்க்கிறவர்கள் 'தேடு' என்ற பாதியை மட்டும் எடுத்து 'வலைத்தேடல்' என்று போட்டுவிடுகிறார்கள். அது இரண்டு வகையில் பிழை. கூகுளில் தேடுவதற்கும் அதே சொல்தான். தவிர, வெப்குவெஸ்டில் மாணவர் தேடி அலைவதே இல்லை. எந்தப் பக்கங்களைப் பார்ப்பது என்று ஆசிரியரே பொறுக்கிக் கொடுத்துவிடுவார். மிச்சப்படும் நேரம் யோசிப்பதற்கு.

ஒரு பணியைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாயில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. 'இன்னும் ஒன்று வைப்பதானால் எங்கே, எவ்வளவு உயரத்தில்?' என்று கேட்கலாம். ஒருவர் காற்றளவைப் பார்ப்பார், ஒருவர் மின்தடத்தை, ஒருவர் செலவை, ஒருவர் அக்கம்பக்கத்து வயல்களை. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் 8 மடங்காகும் என்பது பாடநூலிலேயே உண்டு, மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றை வைத்து ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பது குழுவில் யாராவது எதிர்க்கேள்வி போட்டால்தான் தெரியவரும்.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. நம் கல்லூரி வினாத்தாள் முழுக்க அதுதான். வெப்குவெஸ்டுக்கு வேண்டியது ஐயவினா, அதாவது இதுவா அதுவா என்று ஐயப்பட்டுக் கேட்பது. 'எத்தனை வாட்?' என்று கேட்டுவிட்டு அதற்கு வெப்குவெஸ்ட் என்று பெயர் வைத்தால், அது வீட்டுப்பாடத்துக்கு இணையச் சட்டை மாட்டியது போலத்தான்.

'வினவல்' என்று சொல்லலாமா என்றால், அதில் கேட்பது மட்டும்தான் இருக்கிறது. 'விசாரணை' என்றாலோ போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வந்துவிடும். 'ஊர்ல எல்லாரையும் விசாரிச்சேன்னு சொல்லுங்க' என்பதில் இருந்த அன்பு, 'விசாரணை' ஆனதும் எங்கோ போய்விடுகிறது. மலையாளத்தில் 'அன்வேஷணம்' அப்படிக் கெடவில்லை. நலம் கேட்டதாகச் சொல்லி அனுப்பவும் அதுதான், போலீஸ் துப்புத் துலக்கவும் அதுதான்.

எனக்குச் சரியாகப் படுவது 'உசாவு'. கேட்டறிதல், ஆராய்தல், பிறரோடு கலந்து எண்ணுதல் என மூன்றும் அதற்குள் இருக்கின்றன. விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடியில் 'உசாத்துணை' என்று பார்த்திருப்பீர்கள், அந்த உசாதான். ஆகவே வெப்குவெஸ்ட் 'வலை உசாவல்'; என்கொயரி வழிக் கற்றல் 'உசாவிக் கற்றல்'. வகுப்பில் பிள்ளைகள் வெப்குவெஸ்ட் என்றே சொல்வார்கள், சொல்லட்டும். பாடத்திட்டத்தைத் தமிழில் அச்சிடும்போதாவது 'வலைத்தேடல்' வேண்டாம்.