வயதானவர்களுக்கு ஏன் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வருகிறது?

சேலத்தில் சித்திரை வெயில் ஏறிவிட்டால் நீர்க்கடுப்பு என்று சொல்லாத வீடு குறைவு. சூடு பிடித்துவிட்டது என்று இளநீரோ வெந்தயமோ கொடுப்பார்கள். வெயிலில் நீர் வற்றி, சிறுநீர் அடர்த்தியாகி எரிவதும் உண்டுதான், அது தண்ணீர் குடித்தால் போய்விடும். ஆனால் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு அடிக்கடி வந்தால் சூட்டின் மேல் பழி போட்டுவிட்டு இருக்கக்கூடாது.

அது சிறுநீர்ப் பாதையில் வந்த கிருமித் தொற்றாக இருக்கலாம். அந்தக் கிருமி வேறெங்கிருந்தும் வருவதில்லை, பெரும்பாலும் நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலைதான். பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ., ஆண்களுக்கு சுமார் 20 செ.மீ. என்பதால் பெண்களிடம் அது சீக்கிரம் மேலே ஏறிவிடுகிறது. ஏறியதும் தன் உடம்பிலுள்ள நுண்ணிய இழைகளின் நுனியால் சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. அதனால் சிறுநீர் வேகமாகப் போனாலும் எல்லாக் கிருமியும் கழுவிக்கொண்டு போவதில்லை.

சரி, இளமையில் ஏன் இவ்வளவு தொல்லை இல்லை? பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கும்வரை பிறப்புறுப்பின் தோல்செல்களில் கிளைகோஜன் என்ற ஒருவகை மாவுச்சத்து சேர்ந்திருக்கும். அதைச் சார்ந்து வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கும், ஈ.கோலைக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, இந்தக் காவலும் போய்விடுகிறது. ஆண்களுக்கோ சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்குவதால் பை முழுதாகக் காலியாவதில்லை, குடத்தின் அடியில் பழைய தண்ணீரை விட்டுவிட்டு மேலே புதிதாகப் பிடிக்கிற கதைதான், தேங்கியதில் கிருமி பெருகும். நீண்டநாள் சர்க்கரை நோயில் பையின் நரம்புகள் தளர்ந்தாலும் இதேதான் நடக்கும்.

போதாததற்கு வயதானால் தாகமே சரியாகத் தெரிவதில்லை. இதில் ஏற்காட்டு பஸ் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும்வரை இறங்க வழியில்லை என்று காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாத பாட்டிகள் வேறு. கழிப்பறை இல்லாத காபித் தோட்டத்தில் நாளெல்லாம் அடக்கிக்கொண்டு வேலை செய்கிற பெண்களை என்ன குறை சொல்வது?

இன்னொரு சிக்கல், பெரியவர்களுக்குச் சில சமயம் எரிச்சலோ காய்ச்சலோ தெரியாமலே தொற்று வரும், திடீரென்று சோர்வு, குழப்பம், பசியின்மை என்றுதான் காட்டும். அதற்காகக் குழப்பம் வந்தாலே சிறுநீர்த் தொற்று என்று முடிவு கட்டிவிட முடியாது. நீர்வற்றல், ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைவு, புது மாத்திரை, பக்கவாதம் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவர்கள் பலரின் சிறுநீரிலேயே கிருமி இருக்கும், ரிப்போர்ட்டில் அதைப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பெரும்பாலும் பயனில்லை, கிருமிதான் மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. மெடிக்கலில் கேட்டு ரெண்டு மாத்திரை வாங்கிப் போடுவதும் அப்படித்தான். அறிகுறி இருந்தால் மருந்துக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், முடிவு வர ஓரிரு நாள் ஆகும். குளிர்காய்ச்சல், விலாவலி, வாந்தி என்றால் கிருமி சிறுநீரகத்துக்கே போயிருக்கலாம், அப்போது கல்ச்சருக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிதான்.

அப்புறம், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அடிக்கடி வந்தால் பிறப்புறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, இழந்த புளிப்பை மீட்டுத் தொற்று திரும்ப வருவதைக் குறைக்கும். கூச்சத்தால் நம்மூரில் யாரும் டாக்டரிடம் இதைக் கேட்பதில்லை. மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் மட்டும் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.