குறுகிய குழாயில் நீரின் அழுத்தம் ஏன் குறைகிறது?

அகன்ற குழாயில் ஓடிவரும் நீர் ஒரு குறுகலான பகுதிக்குள் நுழையும்போது அதன் அழுத்தம் கூடுமா, குறையுமா என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் கூடும் என்றே சொல்வார்கள். நெரிசலில் எதுவும் இறுகும் என்பது அன்றாட அனுபவம். ஆனால் சீராக ஓடும் நீரில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அதைக் காரணத்தோடு விளங்கிக்கொண்டவருக்குத்தான், ஓடும் நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னௌலி தேற்றக் கணக்குகள் கைவரும்.

காரணம் நியூட்டனின் இரண்டாம் விதியிலேயே இருக்கிறது. அழுத்தினாலும் நீரின் அடர்த்தி ஏறத்தாழ மாறுவதில்லை என்பதால், குழாய்க்குள் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு நீர் வருகிறதோ அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். ஆகவே குறுக்குப் பரப்பு குறைந்த இடத்தில் வேகம் கூடியே தீரும். வேகம் கூடுவதற்கு நீரை ஏதோ ஒரு விசை முன்னோக்கித் தள்ள வேண்டும். கிடைமட்டமான குழாயில் அப்படித் தள்ளுவதற்கு அழுத்த வேறுபாட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. பின்னால் அழுத்தம் மிகுந்தும் முன்னால் குறைந்தும் இருந்தால்தான் நீர் முடுக்கம் பெறும். வேகம் கூடுவதால் அழுத்தம் குறைகிறது என்று சொல்லிக்கொடுப்பது வழக்கமாக இருந்தாலும், அழுத்த வேறுபாடே வேகத்தைக் கூட்டுகிறது என்று தொடங்குவதுதான் தெளிவான வழி என்பது என் கருத்து.

சுவிஸ் கணித அறிஞர் டேனியல் பெர்னௌலி 1738-இல் வெளியிட்ட 'ஹைட்ரோடைனமிக்கா' என்ற நூலில் இந்த உறவை ஆராய்ந்தார். இன்று நாம் எழுதும் சமன்பாடு பின்னர் கணித அறிஞர் ஆய்லரின் பணியால் உருவானது. கிடைமட்ட ஓட்டத்தில், அழுத்தத்தோடு அடர்த்தியின் பாதியையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை, ஒரே ஓட்டப் பாதையில் மாறாதிருக்கும்.

10 செ.மீ. விட்டமுள்ள குழாய் 5 செ.மீ. ஆகக் குறுகுவதாகக் கொள்வோம். விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகும். எனவே நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்த நீர் குறுகலில் 8 மீட்டர் வேகத்தில் ஓடும். 8-இன் இருமடியான 64-இலிருந்து 2-இன் இருமடியான 4-ஐக் கழித்து, நீரின் அடர்த்தியில் பாதியான 500-ஆல் பெருக்கினால் 30,000 பாஸ்கல் கிடைக்கிறது. அகன்ற பகுதியில் 150 கிலோபாஸ்கல் இருந்தால் குறுகலில் 120 மட்டுமே இருக்கும். இரு இடங்களிலும் செங்குத்தாகக் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தினால், அவற்றின் நீர்மட்டங்கள் ஏறத்தாழ 3 மீட்டர் வேறுபட்டு நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். இந்த வேறுபாட்டை அளந்து ஓட்டத்தின் அளவைக் கண்டறியும் கருவியே வென்டுரிமானி.

இதே குழாயில் தொடக்க வேகத்தை 4.5 மீட்டராக உயர்த்தினால் அழுத்த வீழ்ச்சி 151.9 கிலோபாஸ்கல் என்று வரும். அதாவது அகன்ற பகுதியில் இருந்த 150-ஐவிட அதிகம்; இது நடக்காதது. விடைத்தாளில் இதை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுபவர்கள் உண்டு. உண்மையில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அழுத்தம் ஏறத்தாழ 4.2 கிலோபாஸ்கலுக்கு இறங்கும்போதே நீர் கொதித்துக் குமிழிகளாகத் தொடங்கிவிடும். பம்புகளில் இப்படி உருவாகும் குமிழிகள் அழுத்தம் மிகுந்த பகுதிக்குச் சென்று உடையும்போது உலோகச் சுழலியையே அரித்துக் குழியாக்குகின்றன.

தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் சீறிப் பாய்கிறதே, அங்கே உட்புற அழுத்தம் கூடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். கூடுவது உண்மைதான். வாய் திறந்திருக்கும்போது நீண்ட குழாயின் உராய்விலேயே அழுத்தத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. விரலை வைத்ததும் ஓட்டம் குறைகிறது, உராய்வு இழப்பும் குறைகிறது, மிஞ்சிய அழுத்தம் விரலுக்குப் பின்னால் சேர்கிறது. அங்கிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு இறங்கும் அந்தச் சிறு தொலைவுக்கு மட்டுமே பெர்னௌலியின் சமன்பாடு பொருந்தும். உராய்வு மிகுந்த நீண்ட பகுதிக்கு அதை அப்படியே பயன்படுத்தினால் விடை தவறாகும்.