முட்டையின் வயது

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மரபியல் அறிஞர் பாட்ரிசியா ஹன்ட் பெண் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்தச் சோதனைக்கும் ஆட்படாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டுமே வளர்க்கப்பட்ட எலிகளும் அவரிடம் இருந்தன. அவற்றின் முட்டைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டில்தான் குரோமோசோம் கோளாறு தென்படும். திடீரென்று அது 40 ஆக ஏறியது. கடைசியில் குற்றவாளி கூண்டிலேயே அகப்பட்டது. கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தவறுதலாகக் காரத்தன்மை மிகுந்த கரைசலால் கழுவியிருந்தார்கள். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அரித்து, பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளைக் கசியவிட்டிருந்தது. இதைச் சோதித்து உறுதிப்படுத்தி வெளியிட 2003 வரை ஆயிற்று.

இவ்வளவு சிறிய கசிவு முட்டையை ஏன் இப்படிப் பாதித்தது என்று புரிய, முட்டையின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆணின் விந்தணு ஏறக்குறைய இரண்டரை மாதங்களில் உருவாகிவிடும். பழையது போனால் புதியது வரும். பெண்ணின் முட்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவளுடைய வாழ்நாளுக்கான முட்டைகள் முழுவதும், அவள் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அப்போது 60 முதல் 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். அவற்றிலும் 400 அல்லது 500 மட்டுமே முதிர்ந்து சினைப்பையை விட்டு வெளியே வருகின்றன.

அந்த முட்டைகள் சும்மா உறங்குவதில்லை. கருவிலேயே அவற்றின் குரோமோசோம்கள் ஜோடி சேர்கின்றன. பிரிய வேண்டிய கட்டத்துக்கு முன்பே அந்த வேலை நின்றுவிடுகிறது. மீண்டும் தொடங்குவது, அந்த முட்டை வெளிவரப்போகும் மாதத்தில், வெளிவருவதற்குச் சற்று முன்புதான். 35 வயதுப் பெண் கருவுற்றால், அந்த முட்டை 35 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதி வேலையில் காத்திருந்தது என்று பொருள். அத்தனை காலமும் ஜோடிக் குரோமோசோம்களை ஒரு புரதக் கட்டு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். கட்டு தளர்ந்தால் குரோமோசோம்கள் தவறாகப் பங்கு பிரியும். அத்தகைய முட்டை பல நேரம் கருவாவதில்லை, கருவானாலும் பெரும்பாலும் சிதைந்துபோகிறது.

இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைக்கும் ஒன்று உண்டு. பெண் குழந்தையைச் சுமக்கும் தாய், அந்தக் குழந்தைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் முட்டைகளையும், அதாவது நாளைய பேரப்பிள்ளைகளின் மூலத்தையும் சேர்த்தே சுமக்கிறாள். அந்த மாதங்களில் அவள் உடலுக்குள் போகும் ஒரு பொருள் ஒரே நேரத்தில் மூன்று தலைமுறைகளைத் தொடுகிறது.

மனிதர்களிடம் இதற்குக் கொடிய சான்று இருக்கிறது. 1936இல் பிஸ்பீனால் ஏ, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல வேலை செய்கிறது என்று லண்டனில் கண்டறிந்தவர் சார்லஸ் டாட்ஸ். அதைவிட வீரியமான ஒன்றைத் தேடி 1938இல் அவர் உருவாக்கியதுதான் டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, 1940கள் முதல் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். அது பயனற்றது என்று 1953லேயே ஓர் ஆய்வு காட்டியும் நிறுத்தவில்லை. அந்தத் தாய்மார்களின் இளம் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971இல் தெரிந்த பிறகே அமெரிக்க அரசு எச்சரித்தது. பிறகு வேறு பாதிப்புகளும் வெளிப்பட்டன. அந்த மகள்களில் பலருக்குக் கருப்பையின் வடிவமே மாறியிருந்தது. 2011இல் வெளியான ஆய்வின்படி அவர்களில் 33 சதவீதத்தினர் கருத்தரிக்க முடியாமல் அவதிப்பட்டனர். அந்த மருந்தைச் சந்திக்காத பெண்களில் இது 15.5 சதவீதம். மருந்தை விழுங்கியது தாய். விளைவு 20, 30 ஆண்டுகள் கழித்து மகளிடம். அது மருந்து, மாசு அல்ல என்று ஒதுக்கிவிட முடியாது. கருவில் இருக்கும்போது ஒரு போலி ஹார்மோன் என்ன செய்யும் என்பதை நமக்குக் காட்டியது அதுதான்.

போலி ஹார்மோன் வேலை செய்யும் விதம் கள்ளக் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் போன்றது. சினைப்பையில் ஒரு முட்டை முதிரும்போது, அதைச் சூழ்ந்த ஃபாலிக்கிள் என்ற சிறு பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மூளை அந்த அளவைப் படித்து, அடுத்த உத்தரவை அனுப்புகிறது. இடையில் பிஸ்பீனால் போன்ற ஒன்று ஈஸ்ட்ரோஜனை ஏற்றுக்கொள்ளச் செல்லில் இருக்கும் ஏற்பியில் போய் அமர்ந்தால், சினைப்பை எழுதாத செய்தி மூளைக்குப் போகிறது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கவும் வாசனையை நிலைக்கவைக்கவும் சேர்க்கும் தாலேட்டுகளின் வழி வேறு. அவை ஃபாலிக்கிளின் வளர்ச்சியையும் ஹார்மோன் சுரப்பையும் குலைப்பதை விலங்காய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவு சொற்பம்தானே என்று கேட்கலாம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இயற்கையான ஈஸ்ட்ரோஜனே சில பத்து முதல் சில நூறு பிகோகிராம்தான் இருக்கிறது. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோகிராம். அந்த அளவிலேயே பேசிக்கொள்ளும் உடலுக்குச் சொற்பம் என்பது சொற்பமல்ல.

புகை முட்டையை நேரடியாகவே கொல்கிறது. சிகரெட், விறகு, வாகனம் எதிலிருந்து வந்தாலும் புகையில் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. அவை முட்டைக்குள் ஒரு குறிப்பிட்ட ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் மரபணுவை இயக்கிவிடுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிறைவு மற்றவர்களைவிட முன்னதாகவே வருவது இதனோடு பொருந்துகிறது. புகையே பிடிக்காதவரும் காற்றிலிருந்து தப்ப முடியாது. பாஸ்டனில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வந்த 600க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வில், காற்றிலுள்ள பிஎம் 2.5 நுண்துகள் கனமீட்டருக்கு 2 மைக்ரோகிராம் கூடும்போது, சினைப்பையில் ஸ்கேனில் தெரியும் ஃபாலிக்கிள்களின் எண்ணிக்கை சுமார் 7 சதவீதம் குறைந்திருந்தது.

1976 ஜூலையில் இத்தாலியின் செவேசோவில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து டையாக்சின் என்ற நச்சு மேகம் ஊர்மேல் பரவியது. அப்போதே எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைக் கொண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். ரத்தத்தில் டையாக்சின் பத்து மடங்கு கூடினால், கருத்தரிக்க எடுக்கும் காலம் சுமார் 25 சதவீதம் நீண்டிருந்தது.

ஆனால் எல்லா ஆய்வையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒட்டாத பாத்திரப் பூச்சிலும் நீர் புகாத துணியிலும் பயன்படும் ஃபுளோரின் சேர்மங்களை எடுத்துக்கொள்வோம். இவற்றில் சில உடலில் பாதியாகக் குறையவே பல ஆண்டுகள் பிடிக்கும். ரத்தத்தில் இவை அதிகமுள்ள பெண்கள் தாமதமாகக் கருவுற்றதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மகப்பேறும் தாய்ப்பாலூட்டலும் இவற்றைத் தாயின் உடலிலிருந்து வெளியேற்றுகின்றன. குழந்தை பெறாதவரிடம் தேங்கிவிடுகின்றன. எனவே எது காரணம், எது விளைவு என்று பிரிக்க, இன்னும் குழந்தை பெறாத பெண்களை மட்டும் தனியே ஒப்பிட வேண்டும்.

பிஸ்பீனால் ஏ இப்படித் தேங்குவதில்லை. பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். தினமும் புதிதாக வந்துகொண்டிருப்பதால்தான் எப்போது சோதித்தாலும் கிடைக்கிறது. அதனால் உள்ளே வருவதைக் குறைத்தால் பயன் உடனே தெரியும். சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் போடாமல் இருப்பது, டின்னில் அடைத்த உணவைக் குறைப்பது, பளபளப்பான ரசீதுத் தாளைக் கையாண்ட பின் கை கழுவுவது ஆகியவை உதவும். ஒரு முட்டை தன் கடைசி வளர்ச்சிக் கட்டத்தைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகின்றன. விந்தணுவின் காலமும் ஏறத்தாழ அதுவே. கருத்தரிக்க விரும்பும் இருவரும் அந்த மாதங்களில் கவனமாக இருக்கலாம். இதைப் பெண்ணின் பொறுப்பாக மட்டும் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடையில் ‘பிபிஏ அற்றது’, அதாவது பிஸ்பீனால் ஏ இல்லை என்ற முத்திரையைப் பார்த்து நிம்மதியடைய முடிந்தால் நன்றாக இருக்கும். அதே ஹன்டின் ஆய்வகத்தில், முந்தைய அனுபவத்தால் வேறு பிளாஸ்டிக் கூண்டுகளுக்கு மாறிய பிறகும், எலிகளின் முட்டைகளில் மீண்டும் கோளாறு தெரிந்தது. சேதமான கூண்டுகளிலிருந்து இம்முறை கசிந்தவற்றில் முக்கியமானது, பிஸ்பீனால் ஏக்கு மாற்றாகப் புழக்கத்துக்கு வந்த பிஸ்பீனால் எஸ். இது 2018இல் வெளியானது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் உணவோடு தொடர்புள்ள பொருட்களில் பிஸ்பீனால் ஏவைத் தடைசெய்தபோது, வேறு சில ஆபத்தான பிஸ்பீனால்களையும் தடைக்குள் கொண்டுவந்தது.

காற்றையும் உடலில் தேங்கும் நச்சுகளையும் எந்தப் பெண்ணும் தன் வீட்டுக்குள்ளிருந்து தடுக்க முடியாது. அங்கே சட்டம்தான் வேலை செய்கிறது, மெதுவாகவேனும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் போன்றவற்றுக்கு 1970களில் கட்டுப்பாடுகள் வந்த ஸ்வீடனில், தாய்ப்பாலைத் தொடர்ந்து சோதித்துவந்தார்கள். ஒவ்வொரு பத்தாண்டிலும் அவற்றின் அளவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது.