மைக்ரோ பன்றி: மூன்று வயதில் எவ்வளவு இருக்கும்?

போன வருடம் குளிர்காலத்தில் ஒரு குடும்பத்தினர், ‘மைக்ரோ’ என்று சொல்லி வாங்கிய தங்கள் செல்லப் பன்றியைப் போர்வையில் சுற்றி என் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது பதினொரு மாதம், எடை 9 கிலோ. தோலில் அரிப்பு, மற்றபடி நன்றாக இருக்கிறது என்றார்கள். போர்வையை விலக்கித் தடவிப் பார்த்தேன். முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சும் விரலில் தட்டுப்பட்டது. தலை மட்டும் பெரிதாக இருந்தது. சொறி பிடித்த தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. அதன் காதைத் தடவியபடியே நின்ற சிறுமியின் முழங்கையிலும் சிவப்புப் புள்ளிகள். பன்றியின் சொறிப்பூச்சி மனிதருக்கும் கொஞ்ச நாள் அரிப்பைக் கொடுக்கும்.

என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். விற்றவர் தந்த தாளை எடுத்து நீட்டினார்கள். காலையில் கால் கப், மாலையில் கால் கப், அதற்கு மேல் கொடுத்தால் பெரிதாகிவிடும் என்று எழுதியிருந்தது. அவர்கள் அந்தக் குட்டியை நேசித்தவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொன்னதை நம்பி, பதினொரு மாதமாக அதைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். பசியில் அது கத்தியதை, கொஞ்சச் சொல்லிக் கேட்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தத் தாள் புதிதல்ல. மைக்ரோ, டீகப் என்பவை விற்பவர் வைக்கும் பெயர்கள். அப்படித் தனி இனம் கிடையாது. வியட்நாம் தொப்பைப் பன்றி, குனிகுனி போன்ற சிறிய இனங்களின் கலப்புதான் பெரும்பாலும் அந்தப் பெயரில் வருகிறது. ஆராய்ச்சிக்கென்றே ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1960களில் ஒரு சிறிய இனத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். விஞ்ஞானிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த அந்தப் பன்றியே முழு வளர்ச்சியில் 35 முதல் 45 கிலோ இருக்கும். வீடுகளில் வளரும் கலப்புக் குட்டிகள் 50, 60 கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

"வேண்டுமானால் தாயையும் தகப்பனையும் பாருங்கள், எவ்வளவு சின்னது!" என்று காட்டுவார்கள். பன்றி ஐந்தாறு மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். உடம்பு வளர்ந்து முடிய மூன்று வருடமோ அதற்கு மேலோ ஆகும். நீங்கள் பார்க்கும் அந்தத் தாயே இன்னும் குட்டிதான். அதனால் பெற்றோரின் எடையைக் கேட்கும்போது வயதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பட்டினிக்கு நேர் எதிரான கோலத்தையும் பார்க்கிறேன். பண்ணைத் தீனி சீக்கிரம் கொழுக்க வைப்பதற்கென்றே செய்யப்படுவது. அதையே வீட்டுப் பன்றிக்கும் போட்டால் நெற்றிக் கொழுப்பு மடிந்து கண்ணை மூடிவிடும். கண்ணில் கோளாறு இல்லாமலே குருடாகிச் சுவரில் முட்டிக்கொண்டு நடந்த பன்றிகளைப் பார்த்திருக்கிறேன். சிறிய பன்றிகளுக்கென்று தனித் தீனி கிடைக்கிறது, அதை அளந்து போடுங்கள். மேய்வதற்குப் புல்லும் கிளறுவதற்கு மண்ணும் வேண்டும். மண் கிடைக்காத பன்றி கம்பளத்தைக் கிளறும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். குளிரில் வாளி உறைந்து ஒரு நாள் குடிக்காமல் கிடந்தாலே உடம்பில் உப்பு நஞ்சாகி வலிப்பு வரலாம்.

அடுக்களை மிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கழுநீரும் பழைய சோறும் மாட்டுத் தொட்டிக்குப் போன வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம், மிச்சத்தைக் குப்பையில் கொட்ட மனம் வராது. ஆனால் இங்கே சமையலறைக்குள் போய்வந்த காய்கறித் தோலைக்கூடப் பன்றிக்குப் போடுவது சட்டப்படி குற்றம். 2001இல் இங்கே வந்த கோமாரி நோய், வட இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில் சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் போட்டதில் தொடங்கியதாகத்தான் கண்டறிந்தார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அதை நிறுத்த வேண்டியிருந்தது. சட்டத்தின் கண்ணில் செல்லப் பன்றியும் பண்ணைப் பன்றிதான். ஒரே ஒரு குட்டி என்றாலும், வாங்கும் முன்பே உங்கள் இடத்துக்குப் பதிவு எண் வாங்க வேண்டும். தெருவில் நடத்திக் கூட்டிப்போவதற்கும் தனி உரிமம் உண்டு.

கருத்தடை அறுவையைத் தள்ளிப் போடாதீர்கள். பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வந்து அமைதியிழக்கும். வயதானால் கர்ப்பப்பையில் கட்டி வருவது அதிகம். அப்புறம் குணம். பன்றி கூட்டத்தில் வாழும் பிராணி. வீட்டில் யார் பெரியவர் என்று ஓரிரு வயதில் சோதித்துப் பார்க்கத் தொடங்கும். வரும் விருந்தாளியையும் சின்னப் பிள்ளைகளையும் முட்டும், கடிக்கும். தனியாக வளர்ந்த பன்றியிடம்தான் இதை நான் அதிகம் பார்க்கிறேன். முடிந்தால் இரண்டாக வளர்க்கச் சொல்வதும் இதனால்தான். எத்தனை சாதுவான நாயாக இருந்தாலும் பன்றியோடு தனியாக விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

அந்தக் குட்டிக்கு ஊசி போட்டுச் சொறியைக் குணப்படுத்தினோம். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். இந்த முறை குளம்பு வெட்ட நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன், போர்வையில் தூக்கி வருகிற கட்டம் தாண்டிவிட்டது. எடை 34 கிலோ. கொல்லைப் புல்லில் பாதியைப் புரட்டிப் போட்டிருந்தது. இன்னும் எவ்வளவு வளரும் என்று அப்பா கேட்டார். இன்னொரு பங்கு வளரலாம் என்றேன். அவர் வேலியைப் பார்த்தார். சிறுமி தீனிக் கிண்ணத்தை எடுத்து வரப் போனாள்.